ட்ரோன் படம் மங்கலாக வருகிறதா? பழுது எங்கே என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்

புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் வீட்டுக் கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் தேர் என்று எது நடந்தாலும் இன்று வீடியோக்காரரோடு ஒரு ட்ரோனும் வந்து சேர்ந்துவிடுகிறது. வேலை முடிந்த பின்னும் சனி, ஞாயிறுகளிலும் வீடியோ எடுத்து நாலு காசு சேர்க்கும் எம் இளைஞர்கள் பலர், கையில் இருந்ததைப் போட்டோ, தவணைக்கோ ஒரு ட்ரோனை வாங்குகிறார்கள். புதிது வாங்க வசதியில்லாதவர்கள் பழையதை வாங்குகிறார்கள்.

வாங்கிய பின்புதான் பிரச்சினை தொடங்குகிறது. படம் மங்கல். விற்றவரைக் கேட்டால், "இங்கத்தைய காலநிலை அப்படி" என்பார், அல்லது "உங்களுக்கு எடுக்கத் தெரியேல்லை" என்பார். மொழி இன்னும் சரியாகப் பிடிபடாத எம்மவர் அதற்கு மேல் வாதாட முடியாமல் பேசாமல் வந்துவிடுகிறார்கள்.

இது வெறும் காசுப் பிரச்சினை மட்டுமல்ல. விசா கிடைக்காததால் மகளின் கல்யாணத்துக்கு வர முடியாமல் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அந்த வீடியோதான் கல்யாண வீடு. அதை இன்னொரு நாள் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே மங்கலுக்குக் காரணம் வில்லையா, குவியமா, காற்றா, கையா என்பதைக் கண்டுபிடிக்கும் முறையை வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு மேசை, திறந்த யன்னல், தூரத்தில் ஒரு கட்டடம், இவை போதும்.

மங்கலே சாட்சி சொல்லும்

1990 ஏப்ரலில் விண்ணுக்கு அனுப்பப்பட்ட ஹபிள் தொலைநோக்கி பலருக்கும் நினைவிருக்கும். அது அனுப்பிய படங்கள் எதிர்பார்த்த அளவு தெளிவாக இல்லை. நட்சத்திரங்களைச் சுற்றித் தெரிந்த மங்கல் ஒளிவட்டத்தை ஆராய்ந்துதான் பழுது கண்ணாடியில் இருப்பதை விஞ்ஞானிகள் அறிந்தார்கள். பெரிய கண்ணாடியின் விளிம்பு ஏறத்தாழ 2.2 மைக்ரோமீற்றர் கூடுதலாகத் தட்டையாக இருந்தது. ஒரு தலைமயிரின் தடிப்பில் சிறு பங்குதான் அது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று அதற்கு ஒரு மூக்குக்கண்ணாடி போட்டது போல் திருத்தினார்கள்.

எங்கள் சின்ன ட்ரோனுக்கும் இதே நியாயம்தான். மங்கல் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. படம் முழுவதும் மங்கலா, ஒரு மூலை மட்டுமா, ஒரு திசையில் இழுபட்டதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியவை

கைத்தொலைபேசித் திரையில் தெரியும் படத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். அது காற்றில் அனுப்புவதற்காகச் சுருக்கப்பட்ட படம். சிக்னல் குறைந்தால் இன்னும் கெட்டுப்போகும். சேமிப்பு அட்டையில் பதிவான மூலப் படத்தைக் கணினியில் போட்டு, நூறு வீத அளவில் பாருங்கள்.

அடுத்து, வில்லையின் முன்கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். விரல் எண்ணெய் பட்டிருந்தால் படம் முழுக்கப் பனி மூடியது போல் இருக்கும், விளக்குகளைச் சுற்றி ஒளி சிதறும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் மெதுவாகத் துடைக்கவும். சேலைத் தலைப்பும் கடதாசித் துண்டும் வேண்டாம். வில்லைக்கு முன் வடிகட்டிக் கண்ணாடி பூட்டியிருந்தால் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். மலிவான வடிகட்டி நல்ல வில்லையையும் குருடாக்கிவிடும்.

குளிர் நாடுகளில் இன்னொரு சங்கடம் உண்டு. வெளியே குளிரில் பறந்த ட்ரோனைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தவுடன் வில்லையில் நீராவி படியும். அதன் பைக்குள் வைத்து மூடியபடியே கொண்டுவந்து, வீட்டுச் சூட்டுக்கு வந்த பின் திறவுங்கள்.

மேசைச் சோதனை

இதுதான் முக்கியமான சோதனை. புரொப்பெல்லர்களைக் கழற்றிவிடுங்கள். மேசையில் இரண்டு தடித்த புத்தகங்களை அடுக்கி, அதன் விளிம்பில் கமரா சுதந்திரமாகத் தொங்கும்படி ட்ரோனை வையுங்கள். யன்னலைத் திறந்து, 50 மீற்றருக்கு அப்பால் உள்ள செங்கல் கட்டடம் ஒன்றைப் படம் எடுங்கள். யன்னல் கண்ணாடிக்கூடாக எடுக்க வேண்டாம். மோட்டார் ஓடாதபோது ட்ரோனைக் குளிர்விக்கும் காற்றும் குறைவு. ஆகவே சில நிமிடங்களுக்குள் முடித்துவிடுங்கள்.

மேசையில் எடுத்த படம் தெளிவாகவும் வானில் எடுத்தது மங்கலாகவும் இருந்தால் வில்லை நல்லது. பழுதை அதிர்விலோ, வேகத்திலோ, செற்றிங்கிலோ தேட வேண்டும். மேசையிலேயே மங்கல் என்றால் வில்லை அல்லது குவியம்தான் காரணம்.

குவியம்: கிட்டப்பார்வையா?

ட்ரோன் கமராக்கள் இரண்டு வகை. ஒன்று, குவியம் தொழிற்சாலையிலேயே நிலையாகப் பொருத்தப்பட்டது. டி.ஜே.ஐ நிறுவனம் 2019இல் வெளியிட்ட மாவிக் மினி இவ்வகை. மற்றையது, குவியத்தை நகர்த்தக்கூடியது. அதே நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு மாவிக் புரோ, பாண்டம் 4 புரோ என்பவை இவ்வகை. முதல் வகைக்குப் பழகியவர் இரண்டாம் வகையை வாங்கி, குவியம் பிடிக்காமலே பறக்கவிட்டுவிட்டு வில்லையைக் குறை சொல்வதும் நடக்கும். திரையில் தூரக் கட்டடத்தைத் தொட்டுக் குவியம் பிடித்த பின்பே எடுத்துப் பாருங்கள்.

ட்ரோன் வில்லையின் உண்மையான குவியத்தூரம் மிகச் சிறியது. பாண்டம் 4 புரோவில் அது 8.8 மில்லிமீற்றர். ஆகையால் தூரத்துக்குக் குவியம் வைத்தால் சில மீற்றரிலிருந்து தொடுவானம் வரை எல்லாமே தெளிவாக வர வேண்டும். 30 மீற்றரில் ஒரு குவியம், 60 மீற்றரில் இன்னொரு குவியம் என்ற கதைக்கு இடமில்லை.

நிலையான குவியம் உள்ள கமராவை இப்படிச் சோதிக்கலாம். ஒரு பத்திரிகைத் தாளைச் சுவரில் ஒட்டி, அரை மீற்றர், 1 மீற்றர், 3 மீற்றர் தூரங்களில் படம் எடுங்கள். பிறகு தூரக் கட்டடத்தை எடுங்கள். அரை மீற்றரில் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்து, தூரக் கட்டடம் மங்கினால் அந்தக் கமராவுக்குக் "கிட்டப்பார்வை". தொழிற்சாலையில் தவறாகப் பொருத்தப்பட்டிருக்கலாம், அல்லது விழுந்தபோது வில்லை நகர்ந்திருக்கலாம். எந்தச் செற்றிங்காலும் இது திருந்தாது.

குவியம் நகர்த்தக்கூடிய கமரா என்றால், கையால் குவியத்தைப் படிப்படியாக நகர்த்தி ஒவ்வொரு படியிலும் ஒரு படம் எடுங்கள். தெளிவு கூடிக் கூடி உச்சத்துக்கு வந்து, பின் குறைய வேண்டும். முடிவிலி எல்லைக்குப் போன பின்பும் தெளிவு உச்சத்தை எட்டவில்லை என்றால் வில்லைக்கு அந்தத் தூரம் எட்டவில்லை என்று அர்த்தம். அது திருத்துமிடத்துக்குப் போக வேண்டிய பழுது. தானாகக் குவியம் பிடிக்கும்போது மங்கியும், கையால் வைத்தால் தெளிந்தும் வந்தால் வில்லையில் குறையில்லை. தெளிவான கோடுள்ள ஒரு பொருளில் குவியம் பிடித்துப் பூட்டிவிட்டுப் பறங்கள்.

ஒரு பக்கம் மட்டும் மங்கலா?

மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தால் பார்வை எப்படி இருக்கும்? உள்ளே உள்ள சிறு வில்லைகளில் ஒன்று மையம் விலகியிருந்தாலும் படத்தின் ஒரு பக்கம் அப்படித்தான் மங்கும்.

இதைப் பிடிக்க ஒரே பொருளையே பயன்படுத்துங்கள். தூரக் கட்டடத்தில் ஓர் யன்னலைத் தெரிவு செய்து, குவியத்தைப் பூட்டிவிட்டு, அந்த யன்னல் படத்தின் இடது ஓரத்திலும், நடுவிலும், வலது ஓரத்திலும் வரும்படி ட்ரோனைத் திருப்பித் திருப்பி எடுங்கள். ஓரங்கள் நடுவை விடச் சற்று மங்குவது எந்த வில்லைக்கும் இயல்பு. ஆனால் இடமும் வலமும் ஒரேயளவில் இருக்க வேண்டும். மூன்று முறை எடுத்தும் அதே பக்கம்தான் மங்குகிறது என்றால் அது வில்லையின் குற்றம். ஒரே ஒரு படத்தை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள்.

வானில் மட்டும் மங்கினால்

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ட்ரோன் வினாடிக்கு 10 மீற்றர் வேகத்தில் போகிறது, ஷட்டர் வேகம் ஐம்பதில் ஒரு வினாடி என்று வைப்போம். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் ட்ரோன் 20 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். பாண்டம் 4 புரோவால் 30 மீற்றர் உயரத்திலிருந்து நேரே கீழே எடுக்கும் நிழற்படத்தில் ஒரு படப்புள்ளி நிலத்தில் ஏறத்தாழ 8 மில்லிமீற்றரைக் குறிக்கும். அப்படியானால் ஒவ்வொரு பொருளும் ஏறக்குறைய 24 புள்ளிகளுக்கு இழுபடும். ஆயிரத்தில் ஒரு வினாடி வைத்தால் நகர்வு 1 சென்ரிமீற்றர், இழுவை ஒரு புள்ளி அளவுதான். ஒரு திசையில் இழுபட்ட மங்கலுக்கு மருந்து இதுதான்: ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள் அல்லது ட்ரோனை நிறுத்தி எடுங்கள்.

கோடுகள் இரட்டையாகத் தெரிந்தாலோ, வீடியோவில் கட்டடங்கள் பாகு போல நெளிந்தாலோ அது அதிர்வு. புரொப்பெல்லர் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். சிறு வெடிப்பு இருந்தாலும் மாற்றுங்கள். கமராவைத் தாங்கும் கிம்பலின் றப்பர்களில் ஒன்று கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.

செற்றிங்கிலும் இரண்டு உண்டு. மாலை வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ உயர்ந்தால் இரைச்சலை அழிக்கிறேன் என்று கமரா புல்லையும் கூந்தலையும் சாயம் பூசியது போல ஆக்கிவிடும். துவாரத்தை மாற்றக்கூடிய கமராவில் எஃப் 11 வரை ஒடுக்கினால் ஒளி விளிம்பில் விலகிப் பரவுவதால் படம் முழுக்க மென்மையாகும். எஃப் 4 முதல் எஃப் 5.6 வரை வைத்துப் பாருங்கள்.

கிட்டத்துப் பொருள் தெளிவாக, தூரத்து மலை மட்டும் மங்கினால் அது பெரும்பாலும் வளிமண்டலம். வெயிலில் தார் வீதிக்கு மேல் காற்றும் அலையும். காலையில் ஒருமுறை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

காலக்கெடு முக்கியம்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வியாபாரி ஒருவரிடம் இணையம் வழியாக வாங்கினால், பொருள் கைக்கு வந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. ஆனால் கடையில் பார்ப்பது போல் பார்ப்பதற்கு மேல் பாவித்துத் தேய்ந்திருந்தால் காசைக் குறைக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அதனால்தான் பறக்கவிடுவதற்கு முன் மேசைச் சோதனையைச் செய்யச் சொல்கிறோம். புதிய பொருளில் பழுது இருந்தால் குறைந்தது 2 ஆண்டு சட்டப்படியான பொறுப்பு விற்றவருக்கு உண்டு. வியாபாரி விற்ற பழைய பொருளுக்கு இதைச் சில நாடுகள் ஓராண்டாகக் குறைத்திருக்கின்றன. தனியாரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. அப்படியானால் காசு கொடுப்பதற்கு முன்பே, அவர் வீட்டு யன்னலிலேயே சோதியுங்கள்.

முறையிடும்போது நீண்ட கடிதம் தேவையில்லை. இடது, நடு, வலது என்று மூன்று படங்கள், எடுத்த திகதி, ட்ரோனின் தொடர் இலக்கம், பற்றுச்சீட்டுப் பிரதி, இவற்றை எழுத்து மூலம் அனுப்புங்கள். மொழி தடுமாறினாலும் படம் தடுமாறாது.

சோதிக்கப் பறப்பதற்கு முன் சட்டத்தையும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 டிசம்பர் 31 முதல் பொது விதி நடைமுறையில் உள்ளது. விளையாட்டுப் பொருள் அல்லாத கமரா ட்ரோன் 250 கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் உரிமையாளர் பதிவு செய்ய வேண்டும். சாதாரணமாக 120 மீற்றருக்கு மேல் பறக்கக் கூடாது, கூட்டத்தின் மேலும் பறக்கக் கூடாது. கனடாவில் 250 கிராமும் அதற்கு மேலும் என்றால் பதிவும் ஓட்டுநர் சான்றிதழும் வேண்டும். வதிவிட அனுமதி இன்னும் கைக்கு வராதவர்கள் ஒரு ட்ரோனுக்காக வில்லங்கத்தைத் தேடிக்கொள்ள வேண்டாம்.

வெட்டி ட்ரோன் பெட்டிக்குள் வைத்துக்கொள்ள

முழுப் படமும் மங்கல்: விரல் எண்ணெய், வடிகட்டி, குவியம்.
எப்போதும் ஒரே பக்கம் மங்கல்: வில்லை மையம் விலகல்.
கிட்டத்தில் தெளிவு, எல்லாத் தூரமும் மங்கல்: குவியம் தவறு.
ஒரு திசையில் இழுபடல்: ஷட்டர் வேகம் போதாது.
இரட்டைக் கோடு, நெளிவு: புரொப்பெல்லர், கிம்பல் றப்பர்.
மிகத் தூரம் மட்டும் மங்கல்: காற்று, புகார்.

கல்யாணத்துக்கு முதல் நாளல்ல, பெட்டியைத் திறந்த அன்றே இதைச் செய்துவிடுங்கள்.