கடுங்குளிரில் தேய்மானக் காப்புப் பூச்சுகள்

மேல்கோட்டை போன்ற குன்றின்மேல் உள்ள ஊர்களில், மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் உறைந்து கிடப்பதைக் காணாதவர் அரியர். இயந்திரங்களுக்கு இடும் மசகு எண்ணெய்களும் இவ்வாறே உறைவன. அதற்கு வேண்டிய குளிர் சற்று மிகுதி, அவ்வளவே. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் கிரையோஜெனிக் எஞ்சின்களில் திரவ ஆக்ஸிஜன் பூஜ்யத்திற்குக் கீழ் 183 டிகிரி சென்டிகிரேடிலும், திரவ ஹைட்ரஜன் 253 டிகிரியிலும் பாய்கின்றன. அவற்றைச் செலுத்தும் பம்புகளோ நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழல்வன. அங்கு எண்ணெய் கல்லாகிவிடுமாதலால், திடப்பொருளாலான மெல்லிய பூச்சே உலோகத்தைத் தேயாமற் காத்தல் வேண்டும்.

பூச்சு கடினமாயிருந்தாற் போதும் என எண்ணுதல் இயல்பு. டைட்டேனியம் நைட்ரைடு மிகக் கடினமானதே; ஆயினும் வழுக்குவதற்கு ஏடு ஏடாக அமைந்த பொருளே ஏற்றது. பென்சிலிலுள்ள கிராபைட் அத்தகையது. ஆனால் அதன் வழுக்குந்தன்மை காற்றின் ஈரத்தைச் சார்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, மிக உயரே பறந்த விமானங்களின் மின் இயந்திரங்களில் கார்பன் பிரஷ்கள் விரைவிற் பொடியாயின. அங்குள்ள வறண்ட காற்றே அதற்குக் காரணம். மாலிப்டினம் டைசல்பைடு இதற்கு நேர்மாறானது. வறட்சியிலும் வெற்றிடத்திலும் நன்கு வழுக்கும், ஈரக்காற்றிற் கெடும். ஆகவே இப்பூச்சிட்ட பாகங்களைக் கடற்கரை ஊர்களில் திறந்து வைத்தலாகாது.

மற்றொன்று சுருக்கம். அறையின் வெப்பநிலையிலிருந்து திரவ ஹைட்ரஜனின் குளிருக்குச் செல்லும்போது, ஒரு மீட்டர் நீளமுள்ள துருவேறா எஃகுக் கோல் சுமார் 3 மில்லிமீட்டரும், அலுமினியக் கோல் 4 மில்லிமீட்டரும் குறுகும். டெப்லானோ ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் குறுகும்! எஃகின்மேல் தடிப்பாகப் பூசிய டெப்லான் வெடித்து உரிவதில் வியப்பில்லை. இதனால், கண்ணாடி இழை கலந்த டெப்லானைப் பேரிங்கின் குண்டுகளைத் தாங்கும் கூண்டாகவே அமைப்பர். சுழலும் குண்டுகள் அதில் உராய்ந்து, நுண்ணிய படலத்தை எடுத்துத் தம் பாதையிற் பூசிக்கொள்ளும். தேயத் தேயப் புதுப்படலம் கிடைக்கும்.

2010 ஏப்ரல் 15 அன்று ஏவப்பட்ட ஜி.எஸ்.எல்.வி.-டி3 ராக்கெட்டில், கிரையோஜெனிக் எஞ்சின் பற்றியவுடன் எரிபொருள் ஊக்கப் பம்பு நின்றது. சுழலும் பாகம் ஓரிடத்தில் இறுகிப் பிடித்திருக்கலாம், அல்லது டர்பைனின் உறை உடைந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதினர். இதனைப் பூச்சின் குறை என்பதற்கில்லை. எனினும் பம்பைத் திருத்தியபோது, குளிரில் பேரிங்கும் உறையும் சுருங்கும் அளவு கணக்கிற் கொள்ளப்பட்டது. திருத்திய பம்புடன் 2014 ஜனவரி 5 அன்று ஜி.எஸ்.எல்.வி.-டி5 வெற்றியுடன் பறந்தது.