தொல்குடிப் பெண்களின் மாதவிடாய் நிறைவு அனுபவம்: பண்புசார் ஆய்வுகளை மதிப்பிடும் முறை

ஆய்வுச் சுருக்கம்

தொல்குடிப் பெண்களின் மாதவிடாய் நிறைவு குறித்த பண்புசார் ஆய்வுகளைத் தொகுத்து எழுதுவோர், பொதுவான சரிபார்ப்புப் பட்டியல்களைக் கொண்டு அவற்றின் தரத்தை முடிவு செய்வது வழக்கம். அப்பட்டியல்கள் ஆய்வு முறையின் ஒழுங்கைக் கேட்கின்றன; அவ்வறிவு யாருக்கு உரியது என்று கேட்பதில்லை. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் நிகழ்ந்த இரண்டு ஆய்வுகளைச் சான்றாகக் கொண்டு, இவ்விரண்டையும் ஒருசேரக் கேட்கும் மதிப்பீடு எவ்வாறு அமையலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தொல்குடிப் பெண்கள், மாதவிடாய் நிறைவு, பண்புசார் ஆய்வு, தர மதிப்பீடு, ஆய்வு அறம்.

முன்னுரை

மாதவிடாய் தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் வாராதிருப்பின், அதனை மாதவிடாய் நிறைவு என மருத்துவம் வரையறுக்கிறது. இவ்வரையறை எங்கும் ஒன்றே. ஆனால் அக்காலத்தைக் கடக்கும் பெண் அதனை நோயாகவோ, முதுமையின் வரவாகவோ, விடுதலையாகவோ, சமூகத்தில் தன் மதிப்பு உயரும் கட்டமாகவோ உணரக்கூடும். அவ்வுணர்வை அறியவே பண்புசார் ஆய்வு தேவைப்படுகிறது.

அத்தகைய ஆய்வைப் படிப்போர் அதிலிருந்து எவ்வளவு தூரம் பொதுமைப்படுத்தலாம் என்பதே முதற்சிக்கல். மெக்சிகோவின் யுகட்டான் பகுதியைச் சேர்ந்த மாயா பெண்களை 1980களில் ஆராய்ந்த மானிடவியலாளர் யெவூப்தார் பெயேனே, உடலில் திடீரெனச் சூடு பரவும் அறிகுறியை அவர்கள் தெரிவிக்கவில்லை எனப் பதிவு செய்தார். அதே பகுதிப் பெண்களிடம் ஹார்மோன் அளவுகளைச் சோதித்து 1993இல் வெளியான ஆய்வு, மாற்றங்கள் பிற நாட்டுப் பெண்களிடம் காணப்படுவன போன்றே இருந்தும் அவ்வறிகுறி கூறப்படவில்லை என்றது. இதனைக் கொண்டு ‘தொல்குடிப் பெண்களுக்கு இக்காலம் துன்பமற்றது’ என எழுதிவிடுவது எளிது. ஆனால் குவாத்தமாலாவின் மலைப்பகுதியில் வாழும் மாயா பெண்கள் அத்தகைய அறிகுறிகளைக் கூறியதாக 2003இல் மற்றோர் ஆய்வு வெளிவந்தது. ஒரே இனப்பெயரைத் தாங்கிய மக்களிடையேயே இத்துணை வேறுபாடு எனில், ‘தொல்குடிப் பெண்’ என்னும் ஒற்றைச் சொல்லின்கீழ் உலகின் பல மூலைகளை அடக்கும் தொகுப்புக் கட்டுரைகளை ஐயத்துடனேயே அணுக வேண்டும். உலகளவில் வெளிவந்த எழுத்துகளைத் தொகுத்த 2012ஆம் ஆண்டு மதிப்புரை ஒன்றும், அருகருகே உள்ள பகுதிகளிற்கூட அனுபவம் வேறுபடுவதைச் சுட்டியதுடன், ஆஸ்திரேலியத் தொல்குடிப் பெண்களைப் பற்றிய எழுத்து அரிது என்றும் குறிப்பிட்டது.

சான்றாகும் இரண்டு ஆய்வுகள்

கனடாவின் வடமேற்கு ஒன்டாரியோவில் சூ லுக்அவுட் பகுதியில் நிகழ்ந்த ஆய்வு 2010இல் வெளியானது. ஒஜிப்வா, ஒஜி-கிரீ சமூகங்களைச் சேர்ந்த 18 பெண்கள் இதில் பங்கேற்றனர். எளிதில் அணுகத்தக்கோரைச் சேர்த்தும், அறிந்தவர் வழியே அறிந்தவரைச் சேர்க்கும் பனிப்பந்து முறையிலும் அவர்கள் தெரிவு செய்யப்பட்டனர். மருத்துவர் பயன்படுத்தும் கலைச்சொல் அப்பெண்களின் பேச்சில் பரவலாக இல்லை என்பதும், தலைமுறைகளுக்கு இடையே இதுபற்றிய உரையாடல் குறைவு என்பதும் இதன் முடிவுகளுள் முக்கியமானவை.

மற்றொன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜெரால்டன் பகுதியில் 25 பழங்குடிப் பெண்களிடம் ஆழ்நேர்காணல், குழு உரையாடல் ஆகியவற்றால் நிகழ்த்தப்பெற்று 2014இல் வெளியானது. ‘வாழ்வின் மாற்றம்’ எனப் பொருள்படும் தொடரையே அப்பெண்கள் பயன்படுத்தினர். அத்தொடரில் முதுமையும் அதனுடன் சமூகத்தில் கிட்டும் மரியாதையும் அடங்கியிருந்தன. கூடவே, அறிகுறிகள் குறித்த அச்சமும், அவை எதனால் வருகின்றன என்ற ஐயமும், போதிய தகவல் கிடைக்காத குறையும் வெளிப்பட்டன.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘வாழ்வின் மாற்றம்’ என்பது பழங்குடி மொழிச்சொல் அன்று. ஆங்கிலப் பேச்சுவழக்கில் நெடுங்காலமாக இருந்துவரும் தொடரின் தமிழாக்கம். எனவே அதனைத் தொன்மரபின் தூய குரலாகக் கொள்வதும் பிழை, வெறும் கடன்தொடர் எனத் தள்ளுவதும் பிழை. கடன் வாங்கிய தொடரில் அப்பெண்கள் எப்பொருளை நிரப்பினர் என்பதே வினா. தமிழில் எழுதுவோருக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு: ‘நிறுத்தம்’ என்றால் இழப்பின் சாயலும், ‘நிறைவு’ என்றால் முழுமையின் சாயலும் நாம் அறியாமலே மொழிபெயர்ப்பில் ஏறிவிடுகின்றன. இக்கட்டுரை ‘நிறைவு’ என்பதை ஆள்கிறது. பங்கேற்றோரின் சொல் வேறாக இருக்கும் இடத்தில் அச்சொல்லையே தருகிறது.

பொதுப் பட்டியல்கள் கேட்பவை

பண்புசார் ஆய்வுகளை மதிப்பிடப் பரவலாகப் பயன்படும் காஸ்ப் பட்டியலில் 10 வினாக்கள் உள்ளன. ஜோவன்னா பிரிக்ஸ் நிறுவனத்தின் பட்டியலிலும் 10. நோக்கம் தெளிவா, முறை பொருத்தமா, தெரிவு விளக்கப்பட்டதா, பகுப்பாய்வு கண்டிப்பானதா என்று இவை கேட்கின்றன. பயனுள்ள வினாக்களே. பங்கேற்றோர் 18 பேர்தாமே, 25 பேர்தாமே எனக் குறைகூறும் பழக்கத்திலிருந்தும் இவை நம்மைக் காக்கின்றன. அனுபவத்தின் ஆழத்தைத் தேடும் ஆய்வுக்கு எண்ணிக்கை மட்டும் குறையாகாது.

எனினும் ஆய்வாளர்க்கும் பங்கேற்றோர்க்கும் இடையிலான உறவைப் பற்றிய வினாவை எடுத்துக்கொள்வோம். ‘ஆம்’ எனக் குறிக்க, ஆய்வாளர் தம் பின்னணியை ஒரு பத்தியில் கூறினாற்போதும். அச்சமூகம் இவ்வாய்வை விரும்பியதா, தரவு இன்று யாரிடம் உள்ளது, முடிவுகள் ஊருக்குத் திரும்பினவா என்பன அவ்வினாவின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

இவ்விடைவெளியை நிரப்ப எழுந்ததே ஆஸ்திரேலியப் பழங்குடியினர், டாரஸ் நீரிணைத் தீவினர் ஆகியோரின் நோக்கில் உருவாக்கப்பட்டு 2020இல் வெளியான தர மதிப்பீட்டுக் கருவி. அதில் 14 வினாக்கள். ஆய்வுப்பொருள் சமூகம் முன்வைத்த தேவையிலிருந்து பிறந்ததா என்பது முதல் வினா. தலைமை, ஆளுகை, உள்ளூர் நெறிமுறை, அறிவுச்சொத்தின் உரிமை, தரவின் மீதான கட்டுப்பாடு, சமூகம் பெற்ற பயன் என அது விரிகிறது. ‘ஆம்’, ‘ஓரளவு’, ‘இல்லை’, ‘தெளிவில்லை’ என விடையளிக்கலாம்.

மௌனத்தை மதிப்பிடுதல்

இவ்விருவகைக் கருவிகளும் ஒன்றையொன்று எங்குத் தேவைப்படுத்துகின்றன என்பதற்கு மௌனமே சிறந்த சான்று. சூ லுக்அவுட் ஆய்வு தலைமுறைகளுக்கிடையே பேச்சுக் குறைவு என்கிறது. பனிப்பந்து முறையில் பொதுவாகப் பேசத் தயங்காதோரே முதலில் வந்து சேர்வர். பேசாதோர் வளையத்திற்கு வெளியே இருப்பர். ஆகவே உண்மையான மௌனம் பதிவானதைவிட ஆழமாக இருக்க வாய்ப்புண்டு. இது தெரிவு முறை பற்றிய பொதுப் பட்டியலின் வினாவால் கிட்டும் தெளிவு.

ஆனால் ‘பேசவில்லை’ என்பதற்கு மற்றொரு பொருளும் உண்டு: கேட்டவரிடம் பேசவில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடிச் சமூகங்களில் பெண்களுக்கே உரிய செய்திகள் எனச் சில உள்ளன. ஆண்கள் முன்னும் வெளியார் முன்னும் அவற்றைப் பேசுவதில்லை. அச்சமூகங்களில் இத்தகைய மௌனத்தைக் கண்ட ஆய்வாளர் அதனை அறியாமை எனப் பொருள்கொண்டால், நெறிமுறையைக் குறைபாடாக மாற்றிவிடுகிறார். எனவே கேட்டவர் யார், எந்த இடத்தில், எம்மொழியில், எவர் உடனிருக்கக் கேட்டார் என்பது அறப்பிரிவில் அடங்கும் செய்தி மட்டுமன்று; முடிவின் ஏற்புடைமையே அதனைச் சார்ந்துள்ளது.

கேட்கும் வடிவமும் இதனோடு சேரும். டான் பெசராப், பிரிட்ஜெட் இங்காண்டு இருவரும் 2010இல் விளக்கிய ‘யார்னிங்’ என்னும் கதையாடல் முறை உறவு விசாரிப்பில் தொடங்கி மெல்ல ஆய்வுப்பொருளை எட்டுகிறது. கட்டமைந்த நேர்காணலுக்குப் பழகிய மதிப்பீட்டாளர், வினாநிரல் இல்லை என மதிப்பெண்ணைக் குறைத்துவிடக்கூடும்.

பிற்காலக் கருவியால் முற்கால ஆய்வை அளத்தல்

2010, 2014 ஆண்டுகளின் ஆய்வுகளை 2020இன் கருவியால் அளப்பது முறையா என்ற எதிர்ப்பு எழலாம். கருவி புதிதே, அதன் நெறிகள் புதியன அல்ல. ஆஸ்திரேலியாவின் தேசிய உடல்நல, மருத்துவ ஆய்வு மன்றம் தொல்குடியினர் ஆய்வுக்கான அறநெறி வழிகாட்டுதலை 2003இலேயே வெளியிட்டது. கனடாவில் தரவின் உடைமை, கட்டுப்பாடு, அணுக்கம், கைவசம் ஆகிய நான்கையும் முதற்குடியினர் 1998 முதல் வலியுறுத்தி வந்துள்ளனர். எனவே வினா எழுப்புவது நியாயமே. கட்டுரையில் எழுதப்படாமை செய்யப்படாமை ஆகிவிடாது என்பதை மட்டும் மறத்தலாகாது. இதழ்களின் சொல்வரம்பு கலந்தாய்வு பற்றிய பத்தியையே முதலில் விழுங்கும். அவ்விடத்தில் ‘இல்லை’ என்பதைவிடத் ‘தெளிவில்லை’ என்பதே நேர்மையான விடை. ஆசிரியர்க்கு எழுதிக் கேட்பது அடுத்த படி.

இவ்விரு கருவிகளின் மதிப்பெண்களையும் கூட்டி ஓர் எண்ணாக்கும் போக்கு ஏற்கத்தக்கதன்று. முறையில் பத்துக்கு ஒன்பது பெற்ற ஆய்வு, உரிமை பற்றிய வினாக்கள் பலவற்றில் ‘தெளிவில்லை’ எனப் பெறக்கூடும். சராசரி அதனை மறைத்துவிடும். தொகுப்புக் கட்டுரையின் அட்டவணையில் இரண்டையும் தனித்தனி நிரல்களில் இட்டு, ஒவ்வொரு ‘தெளிவில்லை’யும் அவ்வாய்வின் எந்த முடிவைத் தொடுகிறது என்று அருகில் ஒரு வரி எழுதலாம். ஜெரால்டன் பெண்கள் கூறிய தகவற்குறையை எடுத்தாளும் கட்டுரையாளர், அம்முடிவு அவ்வூர் நல்வாழ்வு நிலையங்களைச் சென்றடைந்ததா என்ற வினாவையும் அதே வரியில் வைக்க வேண்டியிருக்கும்.