எளிய புரோகிராமிங் மொழிக்கு விண்டோ வரையும் வசதி தேவையா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில வாரங்களில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இன்டர்நெட் பார்க்கிறோம், கடிதம் டைப் செய்கிறோம், கேம்ஸ் ஆடுகிறோம். நாமே ஒரு புரோகிராம் எழுத முடியாதா?" தாராளமாக முடியும். அதற்கென்றே எளிய மொழிகள் உள்ளன. மைக்ரோசாப்ட் 2008 ஆம் ஆண்டு வெளியிட்ட ஸ்மால் பேசிக் அவற்றில் ஒன்று. விண்டோஸில் இயங்கும் இலவச சாப்ட்வேர் இது. இந்த மொழியின் அடிப்படைச் சொற்கள் மொத்தம் 14 தான்.

ஆனால் இதைத் திறந்து பார்ப்பவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. விஷுவல் பேசிக்கில் பட்டன், டெக்ஸ்ட் பாக்ஸ் போன்றவற்றை மவுஸால் இழுத்துப் போட்டு விண்டோவை வரையலாம். அந்த வசதி ஸ்மால் பேசிக்கில் இல்லை. இது உண்மையிலேயே குறைதானா?

பேசிக் வந்த வழி

பேசிக் மொழி 1964 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் பிறந்தது. ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் இதை உருவாக்கினார்கள். அறிவியல் படிக்காத மாணவர்களும் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். அப்போது அந்த மாணவர்கள் முன் மானிட்டரும் இல்லை, மவுஸும் இல்லை. டெலிடைப் கருவியில் கட்டளையை டைப் செய்தால் விடை காகிதத்தில் அச்சாகி வரும். எனவே வரி வரியாக எழுதுவது தவிர வேறு வழியில்லை.

விண்டோஸ் வந்த பிறகு நிலைமை மாறியது. ஒரு காலி விண்டோவைத் திரையில் கொண்டு வரவே சி மொழியில் பல டஜன் வரிகள் எழுத வேண்டியிருந்தது. இந்தச் சிரமத்தைத் தீர்க்க 1991 ஆம் ஆண்டு விஷுவல் பேசிக் வந்தது. பார்ம் எனப்படும் காலி விண்டோவில் பட்டனை வரைந்து, அதன் மேல் டபுள் கிளிக் செய்தால், அந்த பட்டனுக்கான கட்டளைகளை எழுதும் இடம் திறக்கும். லட்சக்கணக்கானோர் இதன் மூலம்தான் புரோகிராமிங் உலகிற்குள் நுழைந்தார்கள்.

கறுப்புத் திரையைக் கண்டால் ஆர்வம் போகிறது

விண்டோ வேண்டும் என்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஏழாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளுக்கு ஸ்மால் பேசிக் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். முதல் நாள் டெக்ஸ்ட் விண்டோ எனப்படும் கறுப்புத் திரையில் அவள் பெயரை வரவழைத்துக் காட்டினேன். "இதுதானா மாமா புரோகிராம்?" என்று கேட்டுவிட்டு மொபைலை எடுத்துக்கொண்டாள். அவள் பிறந்தது முதல் பார்த்து வரும் திரைகளில் எல்லாம் படமும் பட்டனும் இருக்கின்றன. வெறும் எழுத்துத் திரை அவளுக்குப் பழுதான திரை போலத் தெரிந்திருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கறுப்புத் திரையில் பொதுவாகத் தமிழ் எழுத்துகள் சரியாக வருவதில்லை. கேள்விக்குறிகளாகவோ கட்டங்களாகவோ தெரியும். தமிழில் "கணக்கிடு" என்று எழுதிய பட்டன் வேண்டும் என்றால் விண்டோ இருந்தால்தான் முடியும்.

நான் பட்ட அடி

அப்படியானால் வரையும் வசதியையும் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். இங்குதான் என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். இன்ஜினியரிங் படித்தபோது டேட்டாபேஸ் லேப் வகுப்பில் எங்களுக்கு விஷுவல் பேசிக் 6 தான். மின் கட்டண பில் போடும் புரோகிராம் செய்தேன். இரண்டு நாட்கள் செலவழித்து பார்மை வடிவமைத்தேன். பின்னணி நிறம், மின்விளக்குப் படம், அளவெடுத்து வைத்தது போன்ற பட்டன்கள் என்று பார்க்க அழகாக இருந்தது. கணக்கு முழுவதையும் பட்டனை கிளிக் செய்தால் இயங்கும் பகுதிக்குள்ளேயே எழுதியிருந்தேன்.

தேர்வு அன்று எக்ஸ்டர்னல் பார்த்தார். "நன்றாக இருக்கிறது. 50 வீடுகளின் யூனிட் அளவு ஒரு பைலில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பில் போடுங்கள்" என்றார். என்னால் முடியவில்லை. என் கணக்கு டெக்ஸ்ட் பாக்ஸில் யாராவது எண்ணை டைப் செய்து பட்டனைத் தட்டினால்தான் வேலை செய்யும். 50 முறை டைப் செய்து 50 முறை கிளிக் செய்வதா? மதிப்பெண் போனது. அதைவிட, நான் படித்தது புரோகிராமிங் அல்ல, படம் வரைவது என்று புரிந்தபோதுதான் அதிகம் வலித்தது.

இது மொழியின் குற்றம் என்று சொல்லமாட்டேன். விஷுவல் பேசிக்கிலும் கணக்கைத் தனியாக எழுத முடியும். ஆனால் பட்டனை டபுள் கிளிக் செய்ததும் திறக்கும் இடத்தில் எல்லாவற்றையும் எழுதுவதுதான் புதியவருக்கு எளிதாகத் தோன்றும். வரையும் கருவி நம்மை அந்தப் பக்கம் இழுக்கிறது.

கருவியோடு கட்டிப்போடப்படும் ஆபத்தும் இருக்கிறது. விஷுவல் பேசிக் 6 இல் எழுதிய பழைய புரோகிராம்கள் இன்றும் விண்டோஸில் இயங்குகின்றன. ஆனால் அவற்றை எழுதும் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2008 இல் நிறுத்திவிட்டது. பார்ம் வரைய மட்டுமே பழகியவர்கள் தடுமாறினார்கள். கணக்கை யோசிக்கப் பழகியவர்கள் அடுத்த மொழிக்கு எளிதாக மாறிக்கொண்டார்கள்.

நடுவழி ஒன்று உண்டு

ஸ்மால் பேசிக் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இதில் கிராபிக்ஸ் விண்டோ உண்டு. பட்டனும் டெக்ஸ்ட் பாக்ஸும் உண்டு. ஆனால் அவற்றை மவுஸால் வரைய முடியாது. ஒவ்வொன்றையும் ஒரு வரி கட்டளையாக எழுத வேண்டும். பட்டனில் என்ன எழுத்து வர வேண்டும், இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம், மேலிருந்து எவ்வளவு தூரம் என மூன்று விவரங்கள் கொடுத்தால் பட்டன் வந்துவிடும். பைத்தான் மொழியின் விண்டோஸ் பதிப்புடன் வரும் டிகேஇன்டர் தொகுப்பும் இதே வழியில் செயல்படுகிறது.

பட்டனை இரண்டு பிக்சல் நகர்த்த எண்ணை மாற்றி மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும் என்பது சிரமம்தான். ஆனால் திரையில் தெரியும் ஒவ்வொன்றும் நீங்கள் எழுதிய ஏதோ ஒரு வரியால் வந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பத்து பட்டன் வேண்டுமானால், பத்து முறை இழுத்துப் போடாமல் ஒரு லூப்பில் வரவழைக்கலாம் என்ற யோசனையும் தானாக வரும்.

நீங்களே செய்து பாருங்கள்

எனக்கு மதிப்பெண் போன அதே கணக்கை எடுத்துக்கொள்வோம். பயிற்சிக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதல் 100 யூனிட் இலவசம்; அடுத்த 100 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு 2 ரூபாய்; அதற்கு மேல் 3 ரூபாய்.

1. முதலில் கணக்கை மட்டும் ஒரு சப்ரொட்டீனாக எழுதுங்கள். சப்ரொட்டீன் என்பது பெயர் வைத்துத் தனியே எழுதி, வேண்டும்போது அழைக்கும் கட்டளைத் தொகுப்பு. யூனிட் ஒரு வேரியபிளில் இருக்கட்டும். தொகை இன்னொரு வேரியபிளில் வரட்டும். இதற்குள் பட்டன், டெக்ஸ்ட் பாக்ஸ் எதையும் தொடக் கூடாது.

2. டெக்ஸ்ட் விண்டோவில் எண்ணைக் கேட்டு வாங்கி, சப்ரொட்டீனை அழைத்து, தொகையைக் காட்டுங்கள். எஃப் 5 கீயைத் தட்டினால் புரோகிராம் இயங்கும். 150 கொடுத்தால் 100 ரூபாய், 260 கொடுத்தால் 380 ரூபாய் வர வேண்டும். 90 கொடுத்தால் பூஜ்யம்.

3. விடை சரியாக வந்த பிறகு கிராபிக்ஸ் விண்டோவுக்கு மாறுங்கள். ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ், ஒரு பட்டன் போதும். பட்டன் கிளிக் செய்யப்பட்டதும் எண்ணை எடுத்து, அதே சப்ரொட்டீனை அழையுங்கள்.

4. கடைசியாக, 50 வீடுகளின் அளவை வரிக்கு ஒன்றாக ஒரு பைலில் டைப் செய்து வையுங்கள். ஒரு லூப்பில் ஒவ்வொரு வரியாகப் படித்து, அதே சப்ரொட்டீனை அழையுங்கள்.

மூன்று இடங்களிலும் கணக்கு ஒன்றுதான். எண் வரும் வாசல்தான் வேறு. இது புரிந்துவிட்டால் பின்னாளில் எந்த மொழிக்குப் போனாலும் கைகொடுக்கும். ஸ்மால் பேசிக்கில் உங்கள் புரோகிராமை முழு விஷுவல் பேசிக் வடிவுக்கு மாற்றித் தரும் பட்டனும் உள்ளது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் கிராஜுவேட், அதாவது பட்டம் பெறுதல். பொருத்தமான பெயர்தான்.

எனவே எளிய மொழிக்கு விண்டோவும் பட்டனும் அவசியம் என்பதே என் முடிவு. அவற்றை வரையும் கருவி முதல் சில மாதங்களுக்கு வேண்டாம். என் அக்கா மகள் இப்போது மொபைலை ஓரமாக வைத்துவிட்டு பட்டனுக்கு நிறம் மாற்றிக்கொண்டிருக்கிறாள். கணக்கு சரியாக வந்த பிறகுதான் நிறம் என்பது எங்கள் வீட்டு விதி. உங்கள் வீட்டிலும் இந்த விதியை வைத்துப் பாருங்கள்.