டெய்லர் டேப்பும் ராயபுரம் சொன்ன கணக்கும்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடைகள் வரிசைகட்டி நிற்கின்றன. தையல்காரர் கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப் ஜாக்கெட்டுக்கும் பேண்ட்டுக்கும் மட்டும்தான் என்று நினைக்கிறோம். சர்க்கரை நோய் யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்பதையும் அது சொல்லும்.

டாக்டர் வி. மோகன் குழுவினர், சென்னைவாசிகளிடம் நடத்திய ஆய்வை வைத்து 2005-ல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். பெயர், இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண். நான்கே கேள்விகள்: வயது என்ன, இடுப்புச் சுற்றளவு எவ்வளவு, உடலுழைப்பு உண்டா, அப்பா அம்மாவுக்குச் சுகர் இருக்கிறதா? மொத்தம் 100. அறுபதைத் தொட்டால் அபாயம் அதிகம். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்திருக்கும் 45 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 20. இடுப்பு 85 செ.மீ. என்றால் 10. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சியும் இல்லை என்பதால் 30. அம்மாவுக்குச் சுகர் இருந்தால் இன்னொரு 10. ஆக 70. வயதையும் அம்மாவையும் மாற்ற முடியாது. ஆனால் இடுப்பை 80-க்குள் கொண்டுவந்து, தினமும் நடக்கவும் தொடங்கினால் அதே பெண் அறுபதுக்குக் கீழே இறங்கிவிடுவார். டேப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே வைத்து, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். லுங்கி கட்டும் இடத்தில் அளந்தால் தொப்பை கணக்கில் வராமல் போய்விடும்.

நடந்தால் சுகர் தள்ளிப்போகும் என்பதற்கு ஆதாரம் கேட்பவர்கள் வெகுதூரம் போக வேண்டாம். வண்ணாரப்பேட்டைக்கு அடுத்த ரயில் நிலையம் ராயபுரம். 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய டாக்டர் எம். விசுவநாதன், 1954-ல் எம்.வி. மருத்துவமனையை நிறுவியது அங்கேதான். அங்கிருந்து டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. சர்க்கரை எல்லையைத் தொட்டும் தாண்டாத 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. தினம் அரைமணி நேர வேகநடை, மாவுச்சத்திலும் எண்ணெயிலும் கட்டுப்பாடு என்று இருந்தவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. மெட்பார்மின் மாத்திரை தந்த பலனும் ஏறக்குறைய அதே அளவுதான். இதில் பலரும் கவனிக்காத செய்தி, நடந்தவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை என்பது. எடை மெஷின் முள் அசையவில்லை என்று நடையை நிறுத்துகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நோய் வந்து இன்சுலினும் தொடங்கிவிட்டவர்களுக்கு வேறு கவனங்கள் உண்டு. முதலாவது சிரிஞ்ச். நம் ஊரில் கண்ணாடிக் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. பேனாவில் இருக்கும் 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால், இரண்டரை மடங்கு மருந்து உடம்புக்குள் போய்விடும். உயிருக்கே ஆபத்தாகும் தவறு இது. குப்பியில் அச்சிட்ட எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் ஒவ்வொரு முறையும் ஒத்துப்பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் அங்கே கொழுப்பு கட்டிப்போய், மருந்து சரியாக உறிஞ்சப்படாது. இடத்தை மாற்றிக்கொண்டே போவது நல்லது. ஃப்ரீசரில் உறைந்த இன்சுலின் கெட்டது; உருகினாலும் போடக்கூடாது.

இரண்டாவது, சாப்பாட்டு நேரம். எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குள் நுழைய மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர், காலையில் ஊசி போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டைத் தவறவிட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். கை நடுங்கும், வியர்வை கொட்டும், கண் இருட்டிக்கொண்டு வரும். அளவு 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை உடனே தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்தும் ஏறாவிட்டால் மறுபடியும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; 108-ஐக் கூப்பிட வேண்டும். வண்டியில் ஜாக்கி இருப்பதுபோல, சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கரைப் பொட்டலமும் இருக்கட்டும்.

முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைப் பரிசோதனை இலவசம். இந்த வாரமே வீட்டில் எல்லோருடைய இடுப்பையும் அளந்து, மதிப்பெண்ணைக் கூட்டிப் பாருங்கள். அறுபது வந்தவரைக் கையோடு அங்கே அழைத்துப் போங்கள்.