தோலுக்குள் ஓடும் தூதுகள்



தோலிலே சிவந்த தடிப்புகள், அவற்றின்மேல் வெள்ளிநிறச் செதில்கள். இத்தகைய நோயுற்றோரைக் கண்டதும் ஒதுங்கி நடப்போர் இன்றும் உளர். மேனாட்டு மருத்துவர் இதனைச் சொரியாசிஸ் என்பர். சித்த மருத்துவர் காளாஞ்சகப்படை என்பர். ஐரோப்பாவிலும் இந்நோயைத் தொழுநோயோடு சேர்த்தெண்ணி மயங்கிய காலம் ஒன்று இருந்தது. 1841-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து மருத்துவர் பெர்டினாண்ட் ஃபான் ஹெப்ரா இரண்டும் வேறு வேறு எனத் தெளிவுறப் பிரித்துக் காட்டினார். சொரியாசிஸ் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று. அங்ஙனமாயின், அது தோன்றுவது எதனால்?

நம் உடலிலே நோய் எதிர்ப்பு அணுக்கள் காவல் புரிகின்றன. அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மொழி, சைட்டோகைன் எனப்படும் நுண்ணிய புரதங்களே. ஊர்க்காவலன் கள்வனைக் கண்டால் கொம்பு ஊதுகிறான், ஊரார் திரளுகின்றனர், கள்வன் ஓடியபின் கொம்பு ஓய்கிறது. சொரியாசிஸிலோ, கள்வன் இல்லாதபோதும் கொம்பொலி ஓய்வதில்லை.

பெரும்பாலோரிடம் காணப்படுவது தடிப்பு வகை. இதில் தோலிலுள்ள சில காவல் அணுக்கள் இன்டர்லூக்கின் 23 என்னும் தூதை விடுக்கின்றன. அது டி-அணுக்களைத் தூண்ட, அவை இன்டர்லூக்கின் 17-ஐச் சுரக்கின்றன. டி.என்.எஃப். என்னும் மற்றொரு தூது எரியும் நெருப்பில் நெய் வார்க்கிறது. இவற்றால் முடுக்கப்பட்ட தோலணுக்கள் விரைந்து பெருகுகின்றன. மேல்தோலின் அடியடுக்கில் பிறந்த அணு மேலேறி உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகவேண்டும். இங்கோ சில நாள்களில் மேலே வந்து செதிலாகக் குவிகிறது. அத்தோலணுக்களும் தம் பங்குக்குத் தூது விடுத்து மேலும் காவலரை அழைக்கின்றன. இவ்வாறு இது செக்கைச் சுற்றும் மாடுபோல் முடிவின்றிச் சுழல்கிறது.

எல்லா வகையிலும் ஒரே தூது தலைமை தாங்குவதில்லை. சிறுவரிடத்தும் இளைஞரிடத்தும் மிகுதியாகத் தோன்றும் துளி வகை, பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப்புண் கண்ட சில வாரங்களில் எழுகிறது. உடலெங்கும் சீழ்க் கொப்புளங்களும் காய்ச்சலும் தோற்றுவிக்கும் அரிய வகையில் இன்டர்லூக்கின் 36 முதன்மை பெறுகிறது. அதனை அடக்கும் இயற்கைக் கடிவாளம் சிலரிடம் மரபுக் குறையால் பழுதுற்றிருப்பது 2011-இல் வெளியாயிற்று.

இவ்வறிவினால் விளைந்த பயன் பெரிது. உறுப்பு மாற்றத்தின்போது எதிர்ப்பாற்றலை அடக்க வழங்கும் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து இந்நோயையும் தணிப்பது 1979-இல் தெரியவந்தது. நோயின் வேர் தோலில் மட்டுமன்று, எதிர்ப்பு அணுக்களிலும் உண்டு என்பதற்கு அஃது ஒரு சான்றாயிற்று. பின்னர், குறித்த ஒரு தூதை மட்டும் தடுக்கும் மருந்துகள் பிறந்தன. இன்டர்லூக்கின் 17-ஐத் தடுக்கும் செகுகினுமாப் 2015-இலும், இன்டர்லூக்கின் 36-இன் வழியை அடைக்கும் ஸ்பெசோலிமாப் 2022-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இவை நோயை அடக்குவன. அடியோடு அகற்றுவன அல்ல. விலையும் மிகுதி.

ஆயினும், விலையில்லா மருந்து ஒன்று நம் கையிலேயே உண்டு. யான் தலைமையாசிரியனாகப் பணிபுரிந்த நாளில், இந்நோயுற்ற மாணவன் ஒருவனோடு ஒரே பலகையில் அமர்வதற்குச் சிலர் மறுத்தனர். தோலின் அரிப்பைக் காட்டிலும், அருகிலிருந்த அந்த வெற்றிடமே அவனை மிகுதியும் வருத்திற்று. அறியாமையே அந்த இடைவெளியை உண்டாக்கியது. இந்நோயின் இயல்பை இன்று அறிந்துகொண்ட நீங்கள், அத்தகைய ஒருவரைக் காணும்போது அருகே சென்று அமருங்கள். கற்றதன் பயன் அதுவே.