தாயை முத்தமிடாமல் கப்பல் ஏறினார்!

உடம்புக்கு ஏதாவது வந்தால் ஊருக்குப் போய்விட வேண்டும் என்றுதான் பிழைக்க வந்த எல்லோரும் நினைக்கிறோம். கடன் வாங்கியாவது டிக்கெட் எடுத்து, சொந்த வீட்டுத் திண்ணையில் போய்ப் படுத்துவிட்டால் பாதி நோய் தீர்ந்துவிடும் என்பது நம் நம்பிக்கை. ஆனால் நோய் வந்தது தெரிந்ததும் பெற்ற தாயையும் பிறந்த மண்ணையும் விட்டுக் கடல் கடந்து, நம் நாட்டு மலை ஒன்றுக்குத் திரும்பி வந்த பெண்மணி ஒருவர் உண்டு. வந்தவர் 50 ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே வாழ்ந்தார். அவர் பெயர் மேரி ரீட்.

அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் 1854-ம் ஆண்டு பிறந்தவர். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தார். 1884-ல், 30 வயது நிறையும் நேரத்தில், மெதடிஸ்ட் சபையின் பெண்கள் சங்கம் அவரை ஊழியத்துக்காக இந்தியாவுக்கு அனுப்பியது. கான்பூரில் வேலை. பர்தாவுக்குள் இருந்த பெண்களின் வீடுகளுக்குப் போய் எழுத்தும் வேதமும் சொல்லிக் கொடுக்க வேண்டும். கான்பூர் வெயில் எப்படி இருக்கும் என்று அங்கே ஒரு மே மாதம் இருந்தவர்களுக்குத் தெரியும். அம்மையாரின் உடம்பு தாங்கவில்லை. சில மாதம் ஓய்வெடுக்க இமயமலைப் பக்கம் பித்தோராகருக்கு அனுப்பினார்கள்.

அப்போது காத்கோதாம் வரைதான் ரயில். அதுவும் 1884-ல்தான் வந்திருந்தது. அங்கிருந்து இன்றைய சாலைக் கணக்கில் சுமார் 200 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் நடந்து போக வேண்டும், அல்லது குதிரை, அல்லது ஆட்கள் தோளில் தூக்கிப் போகும் டண்டி. இன்றும் பித்தோராகருக்கு ரயில் கிடையாது. டனக்பூரில் இறங்கிச் சுமார் 150 கிலோமீட்டர் மலைப் பாதையில் ஏற வேண்டும்.

ஓய்வெடுக்கப் போன இடத்தில் இந்தி படித்தார். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த தொழுநோயாளிகளையும் பார்த்தார். பிறகு கான்பூருக்குத் திரும்பிப் பழைய வேலையைத் தொடர்ந்தார். அப்புறம் கோண்டாவில் பெண்கள் பள்ளி. 1890-ல் மறுபடியும் உடல்நலம் கெட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

விரல் நுனியில் வலி

சின்சினாட்டி நகரில் மருத்துவமனையில் படுத்திருந்தபோது வலது கை ஆள்காட்டி விரலில் விடாத குத்தல். கன்னத்தில் காதோரம் ஒரு தடிப்பு. என்னவென்று அங்கிருந்த டாக்டர்களுக்குப் புரியவில்லை. படுக்கையில் கிடந்த அம்மையாருக்கே பித்தோராகர் நினைவு வந்தது. இது அதுதான் என்று அவரே முதலில் கண்டுகொண்டார். பின்னர் நியூயார்க்கிலும் லண்டனிலும் இந்த நோயில் தேர்ந்த வைத்தியர்களும் அப்படியே சொன்னார்கள்.

அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஹவாய்த் தீவுகளில் தொழுநோயாளிகளோடு வாழ்ந்த பாதிரியார் டேமியன் அதே நோயால் இறந்தது 1889 ஏப்ரலில். உலகமே அதைப் படித்து நடுங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. கிருமியை நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்திருந்தார். ஆனால் கொல்லும் மருந்து இல்லை.

அம்மையார் ஒரே ஒரு சகோதரியிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். தாய்க்குச் சொல்லவில்லை. மகள் உடல் தேறி மீண்டும் ஊழியத்துக்குப் போகிறாள் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அவர்கள் வழக்கப்படி தூரதேசம் போகிறவர் தாயை முத்தமிட்டு விடைபெற வேண்டும். மேரி ரீட் யாரையும் முத்தமிடாமல் கிளம்பினார். காரணம் என்ன என்பது இந்தியாவிலிருந்து அவர் எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்த பிறகுதான் தாய்க்குத் தெரிந்தது.

அந்தக் கடிதத்தை அந்தத் தாய் எப்படிப் படித்திருப்பார்? ஊரில் பெற்றோரை விட்டு வந்த நமக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மலை மேல் ஒரு வீடு

பித்தோராகருக்கு மேலே சந்தக் என்ற குன்று. எதிரே பனிமலைகள், கீழே சோர் பள்ளத்தாக்கு. அங்கே ஒரு தொழுநோய் விடுதி இருந்தது. வெல்லெஸ்லி பெய்லி என்ற அயர்லாந்துக்காரர் அம்பாலாவில் நோயாளிகளைப் பார்த்து மனம் பொறுக்காமல் 1874-ல் தொடங்கிய தொழுநோய் மிஷன் மேரி ரீடை அந்த விடுதிக்குப் பொறுப்பாளர் ஆக்கியது. 1891-ல் அவர் மலை ஏறினார். நோயாளிகளுக்கு வீடுகள், மருத்துவமனை, சிறிய தேவாலயம் என்று ஒவ்வொன்றாக எழும்பின. புண்ணுக்குக் கட்டுப் போடுவதிலிருந்து கணக்கு எழுதுவது வரை அவர் வேலை. அமெரிக்காவில் தங்கியிருந்தால் அவர் ஓர் அறையில் பூட்டி வைக்கப்பட்ட நோயாளி. சந்தக்கில் அவர் இல்லாமல் ஒரு காரியம் நடக்காது. மருந்து என்று ஏதாவது இருந்திருந்தால் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஏனென்றால் நடந்தது இதுதான். சில ஆண்டுகளில் அவருடைய நோய் அடங்கிவிட்டது. அடையாளங்கள் மறைந்தன. ஜெபத்தின் பலன் என்றே அவர் கடைசிவரை நம்பினார். சிலருக்கு இந்த நோய் லேசான வகையாக வந்து தானாகவே அடங்கிவிடும் என்று இன்றைய மருத்துவம் சொல்லும். பெரும்பாலும் கண்ணால் பார்த்தே நோயைத் தீர்மானித்த காலம் அது. ஆகவே வந்தது தொழுநோய்தானா என்று கேட்கவும் இடம் இருக்கிறது. எதுவாக இருந்தாலும், நோய் அடங்கிய பிறகும் அவர் மலையை விட்டு இறங்கி வேறு வாழ்க்கை தேடவில்லை. நோய்தான் தன்னை அங்கே கொண்டு வந்தது என்றால், நோய் போனதும் கிளம்பியிருக்க வேண்டும் அல்லவா?

1943 ஏப்ரலில், 88-வது வயதில், சந்தக்கிலேயே காலமானார்.

அவர் காலத்திலேயே, 1898-ல், வெள்ளையர் அரசு ஒரு சட்டம் போட்டது. தெருவில் பிச்சையெடுக்கும் தொழுநோயாளியை வாரண்டு இல்லாமல் பிடித்து அடைக்கலாம். அது முழுதாக ரத்தானது 2016-ல்தான். மணவிலக்குக்குத் தொழுநோய் ஒரு காரணம் என்பது இந்து திருமணச் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது 2019-ல். ஆனால் 1981-லேயே உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைச் சொல்லிவிட்டது. ஆறு மாதம் அல்லது ஒரு வருஷம், இலவச மாத்திரை, பூரண குணம். மாத்திரை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே நோய் பிறருக்குத் தொற்றாது. சட்டம் மருந்தை விட எவ்வளவு மெதுவாக நடந்திருக்கிறது, பாருங்கள்.

தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அதைத் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால், மறைக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அறைத் தோழர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் இன்றும் இருக்கிறார்கள்.

சிகிச்சைக்குப் போய்வர, தொற்றும் நிலையில் இல்லாத தொழுநோயாளிகளுக்கு இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வசதிப் பெட்டியிலும் முக்கால் பங்கு கட்டணச் சலுகையை ரயில்வே தருகிறது. டாக்டர் கொடுத்த படிவத்தைக் கவுண்டரில் காட்ட வேண்டும். அந்தப் படிவத்தை நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, வரிசையில் தமக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னே போகச் சொல்லிவிட்டு, கடைசி ஆளாக ஜன்னலுக்கு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.