ஒரே ரயரிலை பனியும் வெயிலும்: பிக்கப்புக்குச் சரிவருமோ?

இண்டைக்குக் கதை ரயரைப் பற்றி. சிரிக்காதேங்கோ.

போன ஜனவரி, ஸ்காபரோவிலை ஒரு சிவப்பு லைற்றுக்குப் பிரேக் அடிச்சன். என்ரை பிக்கப் நிக்கேல்லை. மெதுவா வழுக்கிக்கொண்டு, கோட்டைத் தாண்டி, சந்திக்கு நடுவிலை போய்த்தான் நிண்டுது. மற்றப் பக்கத்தாலை வந்த பஸ் ட்ரைவர் முதலே கண்டிட்டார். அதாலைதான் இப்ப உங்களோடை கதைக்கிறன்.

இத்தனைக்கும் வண்டி ஃபோர்-வீல் ட்ரைவ். ஆனால் அது வண்டியை வெளிக்கிட வைக்கத்தான் உதவும். பிரேக் அடிச்சால் எல்லா வண்டிக்கும் நாலு ரயர்தான். பின்பெட்டி வெறுமையா இருந்தால் பாரம் முழுக்க முன்னுக்கு. பின் ரயர் ரோட்டை ஒழுங்காப் பிடிக்காது.

என்னட்டை இருந்தது ஓல்-சீசன். பேரை நம்பி ஏமாறாதேங்கோ. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழை போனால் அந்த ரப்பர் இறுகத் தொடங்கும். பக்கத்திலை 'எம் பிளஸ் எஸ்' எண்டு எழுதியிருக்கும். அது பள்ளங்களின்ரை அமைப்பைப் பற்றின அடையாளம் மட்டும்தான், பனியிலை ஓட்டிப் பார்த்துக் குடுத்ததில்லை. நீங்கள் தேட வேண்டியது மூண்டு சிகரம் உள்ள மலை, அதுக்குள்ளை ஒரு பனிப்பூ. அந்தப் படம் இருந்தால் பனியிலை சோதிச்ச ரயர். ஓல்-வெதர் ரயரிலை அந்தப் படம் இருக்கும், கோடையிலும் கழட்டத் தேவையில்லை. கொண்டோவிலை இருக்கிற எங்களுக்கு நாலு பிக்கப் ரயரை எங்கை வைக்கிறது? பல்கனியிலையோ?

இவ்வளவும் கேட்டால் விஷயம் முடிஞ்ச மாதிரி இருக்கும். முடியேல்லை. அந்தப் படத்துக்கான சோதனை, இறுகின பனியிலை ரயர் எவ்வளவு பிடிச்சு வண்டியை முன்னுக்கு இழுக்குது எண்டதைத்தான் பார்க்குது. ஐஸிலை பிரேக் அடிச்சுப் பார்க்கிறேல்லை. நான் வழுக்கினது ஐஸிலை. ஓல்-வெதர் போட்டிருந்தால் நிண்டிருக்குமோ? சத்தியம் பண்ண மாட்டன். ஐஸ் எண்டால் வின்ரர் ரயர்தான் மேல்.

பிறகு பாரம். கார் ரயர் வாங்கிற மாதிரி சைஸை மட்டும் பார்த்து வாங்கினால் இங்கைதான் மாட்டுப்படுவியள். ட்ரைவர் கதவைத் திறந்தால் தூணிலை ஒரு ஸ்ரிக்கர் இருக்கும். சைஸ், காத்து எவ்வளவு, எல்லாம் அதிலை. சைஸுக்கு முன்னாலை எல்.ரி. எண்டு இருந்தால் அது பார வண்டிக்கான ரயர். என்ரைக்கு அதுதான். கடைக்காரர் அதே அகலத்திலை மலிவான கார் வகை ஒண்டைக் காட்டி "இதுவும் பொருந்தும் தம்பி" எண்டார். ரிம்மிலை பொருந்தும்தான். ஆனால் நான் சனத்தின்ரை வீட்டுச் சாமான் ஏத்திறவன். சைஸுக்குப் பக்கத்திலை இருக்கிற பார எண்ணையும் பாருங்கோ: 116 எண்டால் ஒரு ரயருக்கு 1250 கிலோ. ஸ்ரிக்கரிலை உள்ளதுக்குக் கீழை இறங்காதேங்கோ. எல்.ரி. கொஞ்சம் குலுக்கும், காத்தும் கூட அடிக்கோணும். பரவாயில்லை.

சட்டம் கெதியாச் சொல்லுறன். கியூபெக்கிலை பதிஞ்ச வண்டிக்கு டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை அந்த மலைப்படம் கட்டாயம். ஒன்ராறியோவிலை கட்டாயமில்லை, ஆனால் வின்ரர் ரயருக்கு இன்சூரன்ஸ் கழிவு குடுக்கோணும். ஓல்-வெதருக்கும் குடுப்பினமோ எண்டு உங்கடை கம்பனியை முதலே கேளுங்கோ.

கடைசியா நான் எல்.ரி. ஓல்-வெதர்தான் போட்டன். என்ரை ஓட்டம் முழுக்க ரொறன்ரோவுக்குள்ளை. உப்பும் போடுவாங்கள், பனியும் வழிப்பாங்கள். மச்சான் கிழமைக்கு ஒருக்கா சட்பரிக்குப் போறவர். அவரும் இதையே போடப் போறன் எண்டார். விடேல்லை. சண்டை பிடிச்சு, தனி ரிம்மோடை வின்ரர் செட் வாங்க வைச்சன். அது இப்ப மாமி வீட்டுக் கராஜிலை.

பூட்ட முதல் பக்கத்திலை உள்ள கடைசி நாலு இலக்கத்தை வாசியுங்கோ. 3524 எண்டால் 2024ஆம் ஆண்டு 35ஆம் கிழமை செய்தது. எனக்குக் கொண்டுவந்ததிலை ரெண்டு, நாலு வருசம் பழசு. மாத்தித் தாங்கோ எண்டன். முகத்தைச் சுழிச்சுக்கொண்டு மாத்தித் தந்தவை.